பந்திவீடு யார் பேரில்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பந்தல்காரர்கள், பாத்திரக் கடைக்காரர்கள் பிழைப்பு படுத்துக்கொள்ளும். அம்மன் கோயிலில் கூழ் காய்ச்ச நாலு அண்டா போகும், இரண்டு குழாய் ஸ்பீக்கர் போகும். மற்றபடி கல்யாணம், சடங்கு என்று ஒரு பெரிய வேலை வராது. எல்லாரும் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆவணியை எதிர்பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். அவனியாபுரம் ரோகிணிக்கு மட்டும் சும்மா இருக்க வராது. அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊரில் யாருக்கோ வேலை கூடப்போகிறது என்று அர்த்தம்.

அவள் கணவன் அசோக்குமாருக்கு விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரோகிணி அதற்கு ஒரு வெப்சைட் போட்டாள். பெயர் பந்திவீடு டாட் காம். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று தட்டினால் போதும், இத்தனை அண்டா, இத்தனை கரண்டி, இத்தனை சமையல் ஆள் என்று பட்டியல் வந்து நிற்கும். கொட்டாம்பட்டியில் தோட்டத்தில் நின்றபடியே பெண்ணைப் பெற்றவர் பந்திக்கு ஏற்பாடு செய்துவிடலாம். சைட் ஓட ஆரம்பித்ததும் அசோக்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த சாமான் அத்தனையையும் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, அண்டா முதல் தண்ணீர் டம்ளர் வரைக்கும் பந்திவீடு டாட் காம் என்று வெட்டிக்கொண்டு வந்தான். ஆறாயிரத்துச் சொச்சம் உருப்படி. கல்யாண வீட்டில் ரசம் குடிக்கிறவர்கூட டம்ளரைத் திருப்பிப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்வார். பிழைப்பு அந்தப் பெயரில்தான் ஓடியது.

வெப்சைட்டின் பெயர் நமக்குச் சொந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வருஷ வாடகைதான். அதைப் பதிந்து கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. பந்திவீடு பதிவாகியிருந்தது நேம்மேடை என்கிற கம்பெனியில். அந்த ஆடி முதல் வாரத்தில் அந்தக் கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. வேலை இல்லாத ரோகிணியின் கண்ணிலா அது பட வேண்டும்?

"இதக் கேளுங்க" என்று செல்போனை எடுத்துக்கொண்டு குடோனுக்கு வந்தாள். அசோக்குமார் கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். "புதுசா ஒரு சட்டம் கொண்டாரப் போறாய்ங்களாம். ஒரு வெப்சைட்டு மேல யாராச்சும் புகார் கொடுத்தா, இருபத்திநாலு மணி நேரத்துல அத மூடிப்புடணும். விசாரணையெல்லாம் பொறகுதான். புகார் கொடுத்தது யாருன்னு சொல்லவும் வேண்டியதில்லையாம்."

"அப்ப மொட்டைக் கடுதாசி" என்றான் அசோக்குமார். ஒரே வார்த்தையில் சட்டத்தைப் புரிந்துகொண்ட மனிதன்.

"அதேதான். இந்த நேம்மேடைக்காரன் அதுக்கு ஆதரவு. எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் நாங்கள் அறிவோம், ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பயம் எதற்குன்னு அறிக்கை விட்டுருக்கான். டெல்லில இந்தச் சட்டத்துக்குக் கருத்துக் கேக்குற கமிட்டிக்கு முன்னாடியும் போய் அதத்தான் சொல்லப் போறானாம்."

"நம்மட்ட என்னா ஒளிக்க இருக்கு?"

"முகூர்த்தத்துக்கு மொத நாள் விருமாண்டி அண்ணன் ஒரு புகாரத் தட்டிவிட்டா என்ன செய்வீங்க?"

அசோக்குமார் கட்டிய சாக்கை மறுபடி அவிழ்த்துக் கட்டினான். விருமாண்டி இரண்டு தெரு தள்ளி அதே தொழில் செய்கிறவர். இவர்கள் நாற்காலிக்கு உறை போட்டால் அவர் உறைக்குப் பின்னால் ரிப்பன் கட்டுவார். இவர்கள் வாழைப்பழத்துக்குத் தனித் தட்டு வைத்தால் அவர் பீடாவுக்குத் தனி மேஜை போடுவார். அவரும் ஒரு வெப்சைட் வைத்திருந்தார், அதே நேம்மேடையில். நேரில் பார்த்தால் தங்கச்சி, அண்ணே என்றுதான் பேசிக்கொள்வார்கள். இருந்தாலும் தங்கச்சியின் வயிற்றில் அண்ணனைப் பற்றி ஒரு பயம் எப்போதும் இருந்தது.

அடுத்த வாரம் மேலூரில் சங்கக் கூட்டம். மாவட்டப் பந்தல், பாத்திரம், ஒலி ஒளி அமைப்பாளர் சங்கம் என்று பெயர். ஆடி மாதமானதால் கல்யாண மண்டபம் சும்மா கிடைத்தது. தலைவர் கொட்டாம்பட்டி மலைச்சாமி, மைக்செட்காரர். பத்துப் பேர் இருந்தாலும் மைக்கில் 'ஹலோ, ஹலோ' சொல்லாமல் அவருக்குப் பேச வராது. ரோகிணி எழுந்து விஷயத்தைச் சொன்னாள். சங்கத்தில் வெப்சைட் வைத்திருக்கிற இருபத்து மூன்று பேருமே நேம்மேடையில்தான் இருந்தார்கள். ஒருவர் போன கடைக்கே இன்னொருவரும் போவது நம் வழக்கம்தானே. இருபத்து மூன்று பேரும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியை விட்டு வெளியேற வேண்டும், காரணத்தையும் பேப்பரில் கொடுக்க வேண்டும் என்றாள்.

"புகார் கொடுத்தவன் யாருன்னே தெரியாம கடைய மூட முடியுமாண்ணே? அதுக்குக் கைதட்டுறவன்ட்ட நாம எதுக்கு வாடகை கட்டணும்?"

எல்லாரும் மெல்லத் தலையைத் திருப்பி விருமாண்டியைப் பார்த்தார்கள்.

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார் விருமாண்டி. ரோகிணிக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அவருக்காக நாலு பதில் யோசித்து வைத்திருந்தாள்.

அதற்கப்புறம் வந்த தகராறு வேறு. ஆடியில் எவனாவது இடம் மாறுவானா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வெப்சைட் எங்கேயும் மாறாது, பதிவு மட்டும்தான் மாறும், ஒரு ரகசிய எண்ணை இங்கே வாங்கி வேறு கம்பெனியில் கொடுத்தால் தீர்ந்தது என்று ரோகிணி விளக்கினாள். "வீடு மாறல அண்ணே. பத்திர ஆபீஸுதான் மாறுது." அப்படியும் பாதிப்பேர் முகம் தெளியவில்லை. கடைசியில் மலைச்சாமி மைக்கைத் தட்டி, ஆடிப் பதினெட்டுக்கு யாரும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்கே வைத்துக்கொள்வோம் என்று தீர்ப்புச் சொன்னார். புரட்சிக்கு நாள் குறித்தாயிற்று.

ஆடிப் பதினெட்டன்று அதே மண்டபத்தில் நாலு லேப்டாப், ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல். ரோகிணி ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து மாற்றிவிட்டாள். விருமாண்டியின் பெயர் மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. இருபத்திரண்டு பேர் முடிந்தபின் தன்னுடையதைத் திறந்தாள். விலகுவதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் அதைச் சும்மா விட்டிருந்தார்கள், விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிற ஆளா ரோகிணி? மூன்று பத்தி எழுதினாள். கடைசி வரி இப்படி இருந்தது: எங்கள் ஒவ்வொருவரையும் அறிவோம் என்கிறீர்களே, என் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது.

அன்புள்ள கருப்பு துணை அவர்களுக்கு என்று தொடங்கியது அந்தக் கடிதம். பந்திவீட்டின் உரிமையாளர் திரு. கருப்பு துணை அவர்கள் தமது புகைப்பட அடையாள அட்டையுடன் வீடியோ அழைப்பில் வந்தால் பெயர் விடுவிக்கப்படும். உரிமையாளர் விவரம் தவறு என்றால் பதினைந்து நாளுக்குள் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் பெயர் முடக்கப்படும். திருத்தினால், விதிப்படி அறுபது நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது.

ரோகிணி கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் பாரத்தை நிரப்பியவன் அவன்தான்.

"கருப்பு துணை யாருங்க?"

அசோக்குமார் திரையைப் பார்த்தான். முகம் தொங்கிப் போயிற்று. "எந்தப் பேப்பர்ல எழுதுனாலும் மேல கருப்பு துணைன்னு போடாம எழுத மாட்டேன். ஒனக்குத்தான் தெரியும்ல. பில் புக்கு, பத்திரிகை, எல்லாத்துக்கும் நம்ம சாமிதான மொதல்ல. அந்தப் பாரத்துல மேல ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஒண்ணுல கருப்பு, ஒண்ணுல துணை. கணக்காப் போச்சேன்னு போட்டேன்."

"அது பேரு எழுதுற கட்டம்."

"நம்ம பேரக் கீழ கேப்பாய்ங்கன்னு நெனச்சேன்."

"கீழ என்ன கேட்டான்?"

"அட்ரஸு."

ரோகிணி அவனுடைய பழைய மெயில்களைத் திறந்தாள். பிறந்த தேதி என்று அவன் கடை திறந்த தேதியைப் போட்டிருந்தான். வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் நேம்மேடை ஒரு கேக் படத்தோடு வாழ்த்து அனுப்பியிருந்தது. 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், கருப்பு.' ஒன்பது வாழ்த்து. எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமிக்குக் கேக் வெட்டிய ஒரே கம்பெனி உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே விரல் விட்டு நாளை எண்ணினாள். பதினைந்து நாள் என்றால் ஆவணி பிறந்துவிடும். முதல் முகூர்த்தத்துக்கே ஏழு கல்யாணம் சைட் வழியாகப் பேசியிருந்தது. பெயர் முடங்கினால் ஆறாயிரம் சாமானிலும் செத்த முகவரி. திருத்தினால் பெயர் பிழைக்கும், ஆனால் இருபத்திரண்டு பேரைக் கிளப்பிவிட்டவள் அறுபது நாளைக்கு அதே கம்பெனியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் புதுப்பிக்கிற நாள் வேறு வருகிறது, வாடகையும் அவர்களுக்கே கட்ட வேண்டும். சங்கத்தில் எவனாவது நம்புவானா? உள்ளுக்குள் பேரம் பேசிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். முதலில் சொல்கிறவர் விருமாண்டியாகத்தான் இருப்பார்.

மத்தியானம் நேம்மேடையிலிருந்தே போன் வந்தது. மேலாளராம். தேன் தடவிய குரல்.

"மேடம், உங்களை மாதிரி நல்ல வாடிக்கையாளருக்குச் சிரமம் கொடுக்க எங்களுக்கு விருப்பம் இல்லை. உங்கள் பெயரை இன்றைக்கே விடுவித்துவிடலாம், திருத்தமும் வேண்டாம். நீங்கள் ஒரு சின்ன உதவி செய்தால் போதும். இரண்டு நிமிட வீடியோ. நேம்மேடை எங்களை நன்றாக அறியும், வெளியேறியது சொந்தக் காரணத்துக்காக, அவ்வளவுதான். திங்கட்கிழமை டெல்லியில் கமிட்டி இருக்கிறது பாருங்கள்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

"சொல்லிட்டுப் போக வேண்டியதுதான" என்றான் அசோக்குமார். தப்பைச் செய்தவன் அவன் என்பதால் குரல் எழும்பவில்லை. "யாருக்குத் தெரியப் போகுது? பேரு பத்திரமா வந்துரும். சங்கத்துலயும் தலை நிமிந்து நிக்கலாம்."

ரோகிணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? குடோனில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, ஒரு அண்டாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு பேசினாள். நேம்மேடை எங்களை நன்றாக அறியும். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. ஓடவிட்டுப் பார்த்தாள். அவளே அந்தக் கம்பெனியில் இன்னொரு பெயர் பதிந்துவிடுவாள், அவ்வளவு நம்பும்படி இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் பேச்சை நம்பி ஆடி மாதத்தில், பின்வரிசையில் முனகிக்கொண்டேயாவது, இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு எதிராக டெல்லியில் இந்த முகம் பேசும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீடியோவை அழித்தாள்.

"வீடியோ வராதுங்க" என்று மேலாளரிடம் சொன்னாள். "பேரத் திருத்திக்கிறேன். அறுபது நாள் இருக்கணும்னா இருந்துட்டுப் போறேன்."

"விதிப்படி அப்படித்தான் மேடம்" என்றது குரல். தேன் தீர்ந்துவிட்டிருந்தது.

அன்றைக்கே திருத்தப் பாரத்தை நிரப்பினார்கள். உரிமையாளர் பெயர் என்று வந்ததும் அசோக்குமார் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். "ஒம்பேரப் போடு. ஓட்டுறது நீதான."

"சாமி கோவிச்சுக்கிராதா?"

"ஒம்பது வருசமா சாமி பேருல ஒரு புகார் கெடையாது. நீ அதக் காப்பாத்து, போதும்."

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ரோகிணி கேட்டதால் மலைச்சாமி மறுபடி மண்டபத்தில் கூட்டம் போட்டார். அவள் எழுந்து கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். கருப்பு துணை அடையாள அட்டையோடு வர வேண்டும் என்ற இடத்தில் மண்டபமே ஆடியது. பிறந்தநாள் வாழ்த்தைக் காட்டியபோது ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். மலைச்சாமி மைக்கைப் பிடித்து, "திரு. கருப்பு அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று இரண்டு தடவை அறிவித்தார். ரோகிணியும் சிரித்தாள். சிரித்து முடியும் வரை காத்திருந்து மீதியையும் சொன்னாள், மேலாளர் கேட்ட வீடியோ, அதை எடுத்தது, அழித்தது எல்லாவற்றையும்.

"இந்த ஒம்பது வாழ்த்தையும் நேத்தே கமிட்டிக்கு அனுப்பிட்டேன். இவங்க எங்கள அறிஞ்ச லட்சணம் இதுதான்னு எழுதியிருக்கேன். ஆனா ஒண்ணு. உங்க எல்லாரையும் கெளப்பிவிட்ட நான் இன்னும் ரெண்டு மாசத்துக்கு அங்கதான் இருப்பேன். மத்தவங்க சொல்லி நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிரணும்னு தோணுச்சு. திட்டணும்னா இப்பவே திட்டிருங்க."

யாரும் திட்டவில்லை. "வெத்தலை பாக்கு வச்சு அழைச்சவுக வீட்டுலயே விசேசம் தள்ளிப்போச்சு, அம்புட்டுத்தான" என்றார் மலைச்சாமி. கூட்டம் கலைந்தது. ஆனால் மண்டபமே சிரித்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதை ரோகிணி கவனித்திருந்தாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் தன் லோடு வண்டியில் சாய்ந்து விருமாண்டி நின்றுகொண்டிருந்தார். அசோக்குமார் டீ வாங்கப் போயிருந்தான்.

"தங்கச்சி, ஒரு நிமிசம்."

"சொல்லுங்கண்ணே." வருகிறது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"ஒன் சைட்டு கருப்பு பேருல இருக்குன்னு எனக்குப் போன பங்குனியிலயே தெரியும்."

ரோகிணி ஒரு அடி கிட்டே வந்தாள்.

"எந்தப் பேரு யாரு பேருல இருக்குன்னு தேடிப் பாக்கலாம்ல, பாத்தேன். பொய்ப் பேரு குடுத்திருந்தா முடக்கிருவோம், புகார் கொடுங்கன்னு பக்கத்துலயே ஒரு பாரம் வச்சிருந்தாய்ங்க. எங்கிட்டப் பேசி முடிச்ச திருமங்கலம் கல்யாணத்த நீ புடிச்சியே, அந்த வாரம். எனக்கு வயித்தெரிச்சல். உக்காந்து பூராத்தையும் நெரப்பிட்டேன்."

"அப்பறம்?"

"கடைசில எம்பேரு கேட்டுச்சு." அவர் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேரு போட்டாத்தான் போகும்னுச்சு. ரெண்டு நாள் அப்படியே வச்சுப் பாத்தேன். பேரப் போட்டுட்டு நாளைக்கு ஒம் மூஞ்சில எப்படி முழிக்கிறது? அழிச்சுட்டேன்."

ரோகிணிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போன பங்குனி என்றால் வரிசையாக முகூர்த்தம். ஒரு கட்டத்தில் ஒரு பெயர் எழுத இந்த மனிதருக்குக் கை வராததால் அவள் பிழைப்பு தப்பியிருக்கிறது. கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"பேரு கேக்காம இருந்திருந்தா?"

விருமாண்டி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அனுப்பியிருப்பேன், தங்கச்சி. எனக்கு என்னையத் தெரியாதா? அதான் அன்னைக்கு நீ சொன்னதும் மொத ஆளாக் கையத் தூக்குனேன்."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.